பைபாஸில் இறங்கியவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மதுரை மாட்டுத்தாவணியில் திருநெல்வேலி பஸ்ஸுக்காக நின்றவர்களுக்கு இந்தக் குரல் பழக்கமானது. "பைபாஸ், பைபாஸ், இடையில் நிற்காது!" ஏறப் போகிறவர் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு தன் ஊர்ப் பெயரைச் சொல்லி, "ஊருக்குள் போகுமா?" என்று கேட்பார். "போகாது, பைபாஸில் இறங்கிக்கொள்ளுங்கள்" என்று நடத்துநர் சொல்வார். சிலர் காலை எடுத்துவிடுவார்கள். இருட்டிவிட்டது, அடுத்த வண்டி எப்போதோ என்று சிலர் ஏறிவிடுவார்கள்.

சாலைகளுக்கும் பொதுப் போக்குவரத்துக்கும் அரசு எப்படிப் பணம் ஒதுக்குகிறது என்பது இன்றைய பேச்சு. லட்சம் கோடிகள் இதில் வரும். அந்தப் படியில் வைத்த காலை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கல்லூரியில் நெடுங்காலம் பொருளாதாரம் நடத்தியவன் நான். ஒவ்வொரு பிப்ரவரியிலும் பட்ஜெட் வந்ததும் முதலில் பார்ப்பது ஓர் அமைச்சகத்தின் பக்கத்தைத்தான். அதன் பெயர் சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைத் துறை அமைச்சகம். 2025-26ஆம் ஆண்டுக்கு அதற்கு ஒதுக்கப்பட்டது சுமார் 2 லட்சத்து 87 ஆயிரம் கோடி ரூபாய். பெயரில் சாலைப் போக்குவரத்து முன்னால் நிற்கிறது, நெடுஞ்சாலை பின்னால் வருகிறது. பணம் ஏறக்குறைய முழுவதும் நெடுஞ்சாலைக்குத்தான் போகிறது. 2017இல் ஒப்புதல் பெற்ற பாரத்மாலா திட்டத்தின் முதல் கட்டம் மட்டும் 34,800 கிலோமீட்டர். அதற்கு அன்று போட்ட மதிப்பீடு 5 லட்சத்து 35 ஆயிரம் கோடி.

நல்ல சாலை வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. பழைய ஏழாம் எண் நெடுஞ்சாலையில், இன்று 44 என்று எண் மாறியிருக்கும் அதே சாலையில், இருவழியாக இருந்த காலத்தில் போய்வந்தவன் நான். எதிரே வரும் லாரிக்கு வழிவிட்டு மண்ணில் இறங்கும்போது பஸ்ஸில் இருப்பவர்கள் அத்தனை பேரும் முன் சீட்டுக் கம்பியைப் பிடிப்பார்கள். அந்தச் சாலை நான்கு வழியானதால் பிழைத்த உயிர்கள் உண்டு. நான் கேட்பது வேறு. இத்தனை பணம் போட்டுச் சாலை அமைக்கும்போது, அதில் பஸ்ஸில் போகிறவரின் பங்கு எங்கே?

பங்கு என்ற சொல்லைத் தெரிந்தேதான் சொல்கிறேன். சாலைக்கான பணத்தில் ஒரு பெரும் பகுதி நாம் வாங்கும் பெட்ரோல், டீசலிலிருந்து வருகிறது. இது இன்று நேற்று வந்த ஏற்பாடு அல்ல. வெள்ளைக்காரர் ஆட்சியில், 1927இல், எம்.ஆர். ஜெயகர் தலைமையில் சாலைகளைப் பற்றி ஆராய ஒரு குழு அமைத்தார்கள். மோட்டார் வண்டிகள் பெருகிவிட்டன, சாலைகள் தாங்கவில்லை, மாகாண அரசுகளிடம் பணம் இல்லை. பெட்ரோலுக்குக் கேலனுக்கு இரண்டணா கூடுதலாக வாங்கி அதைத் தனி நிதியாக வையுங்கள் என்று அந்தக் குழு சொன்னது. 1929இல் மத்திய சாலை நிதி பிறந்தது. சாலையைப் பயன்படுத்துகிறவன் சாலைக்குப் பணம் தரட்டும் என்பது அதன் நியாயம். 1998இல் பெட்ரோலுக்கும் அடுத்த ஆண்டு டீசலுக்கும் லிட்டருக்கு ஒரு ரூபாய் விதித்தார்கள். 2000இல் தனிச் சட்டமே வந்தது. 500 பேர் வாழும் குடியிருப்பு வரைக்கும் தார்ச்சாலை கொண்டுபோன பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் அந்த ஆண்டு டிசம்பரில் தொடங்கியது. டீசலில் வாங்கிய பணம்தான் அதற்கு முதல். எங்கள் பக்கத்துக் கரிசல் கிராமங்களில் மழைக்காலத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர்களுக்கு அந்தச் சாலையின் அருமை தெரியும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். பஸ் டீசலில்தான் ஓடுகிறது. அந்த டீசலிலும் அதே வரி உண்டு. சுங்கச்சாவடியில் பஸ்ஸும் கட்டணம் கட்டுகிறது. அப்படியானால் டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருக்கும் ஐம்பது பேரும் சாலைக்குப் பணம் கொடுத்தவர்கள். காரில் போகிறவரைப் போலவே கொடுத்தவர்கள். இதை மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் பஸ் பயணியை ஏதோ சலுகையில் போகிறவர் என்று நினைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அவர் கொடுத்தவர்.

கொடுத்தவருக்கு என்ன கிடைத்தது என்பதற்கு என் அக்காவோடு வந்த ஓர் இரவைச் சொல்கிறேன்.

அக்காவுக்கு மதுரையில் கண்புரை அறுவை நடந்தது. மறுநாள் கட்டைப் பிரித்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி, தூசி படக்கூடாது, கண் கூசும் வெளிச்சம் படக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மருந்து வாங்கி, சாப்பிட்டு, பேருந்து நிலையம் வருவதற்குள் எட்டரை மணி. வந்து நின்ற பஸ்ஸில் ஏறினோம். ஊருக்குள் போகாது என்று சொல்லித்தான் ஏற்றினார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஊர் நெருங்கியதும் எழுந்து போய், "அறுவை செய்த கண், கொஞ்சம் ஊருக்குள் விட முடியுமா?" என்று நடத்துநரிடம் கேட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. "ஐயா, உள்ளே போய் வந்தால் இருபது நிமிடம் போய்விடும். போய்ச் சேர வேண்டிய நேரத்துக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்" என்றார். தானே அக்காவின் மஞ்சள் பையை வாங்கி, அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். விசில் கொடுத்தார். வண்டி போய்விட்டது.

ஊர் சாலைக்கு மேற்கே. நாங்கள் நின்றது கிழக்கு ஓரம். நடுவில் நான்கு வழி, அதன் மத்தியில் இடுப்புயரத் திண்டு போல மண் நிரப்பி அரளி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் அந்த அரளி முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிரும். விளக்குக் கம்பம் இருந்தது, விளக்கு எரியவில்லை. அக்கா முந்தானையை எடுத்துக் கண்ணாடிக்கு மேலே போட்டு முகத்தை மூடிக்கொண்டு, "தம்பி, கையை விட்டுவிடாதே" என்றார். எழுபது வயது மனுஷி, சின்ன வயதில் என்னைக் கைப்பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனவர்.

எங்களோடு இறங்கியவள் ஒரு கல்லூரி மாணவி. எதிர்ப்பக்கம் அவள் அப்பா ஒரு பழைய டிவிஎஸ் 50 பக்கத்தில் நின்று, கைப்பேசி வெளிச்சத்தை மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டிருந்தார். முறையான வழி எது என்று கேட்கிறீர்களா? கால் கிலோமீட்டர் தெற்கே வாகனங்கள் போகும் கீழ்ப்பாலம் ஒன்று இருக்கிறது. அன்று மழை பெய்து அதில் முழங்கால் அளவு தண்ணீர். ஆகவே அரளிக்கு நடுவே ஆட்கள் நடந்து நடந்து உண்டான ஓர் இடைவெளியைத்தான் எல்லோரும் தேடினோம். அந்த மாணவிக்கு அது எங்கே என்று தெரிந்திருந்தது. முன்னால் போய் எங்களுக்கு வழி காட்டினாள். சாலையின் அந்தப் பாதியைத் தாண்டுவதற்கு மட்டும் ஏழெட்டு நிமிடம் ஆயிற்று.

அதே இடத்திலிருந்து சற்று வடக்கே நல்ல நிழற்குடை ஒன்று கட்டியிருக்கிறார்கள். சிமெண்ட் இருக்கை, கூரை எல்லாம் உண்டு. அங்கே எந்த வண்டியும் நிற்பதில்லை, ஊருக்குப் பிரியும் சாலை அங்கே இல்லை. சாலைத் திட்டத்தைப் போட்டவர்களுக்குப் பேருந்து நிறுத்தம் என்று ஓர் இனம் இருந்திருக்கிறது, அதை நிறைவேற்றியும் இருக்கிறார்கள். ஊர்க்காரர் எங்கே இறங்குவார் என்று பஸ் ஓட்டுகிறவரிடம் கேட்டிருந்தால் போதும். சாலை ஒரு அமைச்சகத்தின் பணம், பஸ் மாநிலத்தின் பாடு. இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்காருவதில்லை.

இது ஏதோ ஒரு பொறியாளரின் தவறு என்று நான் நினைக்கவில்லை. பணம் கொடுக்கும் முறையிலேயே இது இருக்கிறது. எவையெல்லாம் உள்கட்டமைப்பு என்று மத்திய அரசு 2012இல் ஒரு பட்டியல் வெளியிட்டது. அந்தப் பட்டியலில் இருந்தால் நீண்டகாலக் கடன் எளிதாகக் கிடைக்கும். சாலை, பாலம், துறைமுகம், விமான நிலையம் எல்லாம் அதில் உண்டு. நகர்ப்புறப் பொதுப் போக்குவரத்தும் உண்டு. அதன் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ஒரு விலக்கு, சாலையில் ஓடும் வாகனங்கள் நீங்கலாக என்று. அதாவது பணிமனை உள்கட்டமைப்பு, பஸ் நிலையம் உள்கட்டமைப்பு, பஸ் மட்டும் இல்லை. அந்த ஒரு வரியை வகுப்பில் எத்தனை முறை படித்துக் காட்டியிருக்கிறேன் என்று எனக்கே நினைவில்லை.

சாலைக்கு ஒருமுறை பெரிய பணம் வேண்டும். பஸ்ஸுக்கு ஒவ்வொரு நாளும் சிறிய பணம் வேண்டும். டீசல், டயர், ஓட்டுநர் சம்பளம். அடிக்கல் நாட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. 2009இல் பொருளாதார மந்தத்தைச் சமாளிக்க மத்திய அரசு நகரங்களுக்கு 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பஸ்கள் வாங்க ஒப்புதல் தந்தது. நல்ல காரியம். வாங்கப் பணம் வந்தது, ஓட்டுவது நகரங்களின் பொறுப்பு என்று விட்டுவிட்டார்கள். சில ஆண்டுகளில் பல ஊர்களில் அந்த வண்டிகள் உதிரிபாகம் இல்லாமல் பணிமனையில் நின்றன.

ஓட்டுவதற்குப் பணம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் நம் கண்முன்னே சான்று உண்டு. 2021 மே 8 முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தச் செலவைப் போக்குவரத்துக் கழகங்களுக்கு மாநில அரசு தருகிறது. என் அக்கா அதற்குப் பிறகுதான் வாரம் ஒருமுறை சந்தைக்குப் போக ஆரம்பித்தார். ஆனால் டவுன் பஸ் பைபாஸுக்கு வருவதில்லை. இரவு பத்து மணிக்கு எங்களை ஏற்றிப்போக ஒரு டவுன் பஸ் நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் நின்றிருந்தால், சாலைக்குப் போட்ட கோடிகள் எங்கள் வீட்டு வாசல் வரை வந்திருக்கும்.

மத்திய அரசும் இதை உணரத் தொடங்கியிருக்கிறது. 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற பிரதமரின் மின்சாரப் பேருந்துத் திட்டத்தில், 10 ஆயிரம் பஸ்களை ஓட்டுவதற்கே பத்து ஆண்டுகள் உதவி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மொத்த மதிப்பு 57,613 கோடி, அதில் மத்திய அரசின் பங்கு 20 ஆயிரம் கோடி. தொகையைவிட அந்த முறைதான் எனக்கு முக்கியம். நகரங்களுக்கு மட்டும் என்பதுதான் குறை.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள், இன்னும் ஒரு நிமிடம்தான். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். 2020இல் அடிக்கல் நாட்டி, மத்திய அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தது 2024 அக்டோபர் 3ஆம் தேதி. நடுவில் அந்தச் சுமையை யார் தாங்கினார்கள், வெளிநாட்டுக் கடன் யார் கணக்கில் ஏறியது என்பது தனிக் கதை. மெட்ரோ நிலையத்திலிருந்து வீடு போக இணைப்பு பஸ் இருக்கிறதா என்ற கேள்வியும் அதில் உண்டு. இன்னொரு நாள் அழைத்தால் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊருக்குப் புதிய புறவழிச்சாலை வருகிறது என்றால் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கிறதா என்று விசாரியுங்கள். நிலம் கொடுப்பவர்கள்தான் பெரும்பாலும் போவார்கள். பஸ்ஸில் போகிறவர்களும் போங்கள். வண்டி எங்கே நிற்கும், இருட்டில் எந்தப் பக்கமாகச் சாலையைக் கடப்பது என்று கேட்டு, அவர்கள் சொல்வதை எழுதி வாங்குங்கள்.

வணக்கம்.