பிங்க் தாளும் 10 நாள் கெடுவும்

வணக்கம் நேயர்களே. கலிஃபோர்னியாவில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டவர்கள் எனக்குப் போன் செய்தால், "கோர்ட்டில் என்ன சார் ஆகும்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். "அது இருக்கட்டும், போலீஸ் கொடுத்த பிங்க் தாள் எங்கே?" என்பேன் நான்.

கைதான ராத்திரியே இரண்டு விவகாரங்கள் தொடங்கிவிடுகின்றன. கோர்ட்டில் குற்ற வழக்கு ஒன்று. டி.எம்.வி. என்கிற மோட்டார் வாகனத் துறை தன்பாட்டுக்கு எடுக்கும் லைசென்ஸ் நடவடிக்கை இன்னொன்று. கோர்ட் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். டி.எம்.வி. அதுவரை காத்திருக்காது.

லைசென்ஸைப் போலீஸ்காரர் வாங்கிக்கொண்டு அந்தத் தாளைத் தருவார். 30 நாளுக்கு அதுதான் தற்காலிக லைசென்ஸ். வண்டி ஓட்டத்தான் முடிகிறதே என்று அதை மடித்துப் பையில் வைத்துவிடுகிறோம். ஆனால் டி.எம்.வி.யில் விசாரணை வேண்டுமென்றால் 10 நாளுக்குள் கேட்க வேண்டும். சனி, ஞாயிறும் அதில் சேர்த்தி. கேட்டுவிட்டால் முடிவு வரும்வரை லைசென்ஸ் சஸ்பென்ஷனை நிறுத்தி வைக்கலாம். கேட்காவிட்டால், முதல் தடவை பிடிபட்டவருக்கு 4 மாதம் லைசென்ஸ் இல்லை.

விசாரணை பெரும்பாலும் போனிலேயே நடக்கும். ஜட்ஜ் கிடையாது, ஜூரி கிடையாது. பார்ப்பது மூன்று விஷயம்: சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்ததா, கைது முறையானதா, ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதமோ அதற்கு மேலோ இருந்ததா. நான் முதலில் பார்ப்பது மூச்சுச் சோதனைக்கு முந்தைய 15 நிமிடத்தை. அவ்வளவு நேரமும் ஆளைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது விதி. இடையில் வாந்தி, எதுக்களிப்பு, சிகரெட் எதுவும் கூடாது. அந்த நேரத்தில் அதிகாரி முதுகைக் காட்டிக்கொண்டு படிவம் நிரப்பியது கேமராவில் இருந்தால், பேச இடம் இருக்கிறது.

ரொம்ப காலம் இந்த விசாரணையில் டி.எம்.வி. அதிகாரி ஒருவரே எதிர்வாதமும் செய்வார், தீர்ப்பும் சொல்வார். அநியாயம்தான். 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமே அது செல்லாது என்று சொல்லிவிட்டது.

சரி, தோற்றுவிட்டோம். அப்போதும் வழி உண்டு. ஊதிக் காட்டினால்தான் ஸ்டார்ட் ஆகும் இன்டர்லாக் கருவியைக் காரில் பொருத்தி, டி.யு.ஐ., அதாவது குடித்துவிட்டு ஓட்டும் குற்றத்துக்கான வகுப்பில் சேர்ந்து, எஸ்.ஆர்.-22 இன்ஷூரன்ஸ் சான்றும் கட்டணமும் கொடுத்தால் கட்டுப்பாட்டு லைசென்ஸ் வாங்கலாம். ஓடும்போதும் இடையிடையே ஊதச் சொல்லும். பக்கத்து சீட்டில் ஆள் இருந்தால் சங்கடம்தான், ஆனால் வேலைக்குப் போகலாம்.

இந்த வழி சோதனைக்கு மறுத்தவருக்குக் கிடையாது. முதல் தடவையே ஒரு வருஷம் லைசென்ஸ் போய்விடும். இதில் பலர் குழம்புகிறார்கள். கைதுக்கு முன் சாலையோரத்தில் ஊதச் சொல்லி நீட்டும் கைக்கருவியை, 21 வயது நிரம்பி, பழைய டி.யு.ஐ. வழக்கின் புரொபேஷனில் (நன்னடத்தைக் கண்காணிப்பில்) இல்லாதவர் மறுக்கலாம். கைதுக்குப் பின் மூச்சோ ரத்தமோ கொடுத்தே ஆக வேண்டும்.

இன்னொன்று. கோர்ட்டில் கேஸ் தள்ளுபடியானால் லைசென்ஸ் தானே திரும்பிவிடும் என்று நம்பி வருகிறார்கள். திரும்பாது. 0.08 குற்றச்சாட்டில் நிரபராதி என்றே தீர்ப்பு வந்தால்தான் டி.எம்.வி. சஸ்பென்ஷனை ரத்து செய்யும்.