சுனார் கோட்டை வழிகாட்டி சொல்லாமல் விட்ட மகாராணி

வணக்கம் நண்பர்களே. எந்தக் கோட்டைக்குப் போனாலும் முதலில் ஆற்றைப் பார்த்த மதில் பக்கம்தான் போய் நிற்பேன் என்பது உங்களுக்குத் தெரியும். சென்ற வாரம் கங்கைக் கரையிலுள்ள சுனார் கோட்டையிலும் அப்படித்தான் நின்றேன், ஆனால் எரிச்சலோடு நின்றேன். 300 ரூபாய் வாங்கிக்கொண்ட வழிகாட்டி, ஹுமாயூனின் முற்றுகையைச் சொன்னார், 1781இல் காசியிலிருந்து உயிர் தப்பிய கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் இங்கே வந்து ஒண்டிக்கொண்டதையும் ரசித்துச் சொன்னார். இதே கோட்டையிலிருந்து தப்பி வெளியேறிய மகாராணி ஜிந்த் கௌரைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

பஞ்சாபை ஆண்ட சீக்கிய மன்னர் ரஞ்சித் சிங்கின் மனைவி அவர். 1843இல் ஐந்து வயதில் பஞ்சாபின் அரியணை ஏறிய மகன் துலீப் சிங்குக்காக ஆட்சி நடத்தியவர், முக்காட்டை விலக்கிவிட்டுப் படைகளை நேரில் பார்வையிட்டவர். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு நடந்த முதல் சீக்கியப் போரில் தோற்றபின், 1846 டிசம்பரில் கையெழுத்தான பைரோவால் உடன்படிக்கை அவரை ஆட்சியிலிருந்து விலக்கி, ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் ஓய்வூதியம் தருவதாகச் சொன்னது.

இந்தத் தொகையை விட்டு என்னால் நகர முடியவில்லை. மறு ஆண்டே மகனிடமிருந்து அவரைப் பிரித்து, லாகூருக்கு அருகிலுள்ள ஷேக்குபுராவுக்கு ஆங்கிலேயர் அனுப்பியபோது அது 48,000 ஆனது. 1848இல் காசிக்கு நாடுகடத்தியபோது 12,000 ஆனது. அதாவது மாதம் ஆயிரம்! ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்த தொகை ஒன்றரை ஆண்டுக்குள் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. சொல்ல மறந்துவிட்டேன், காசியில் அவருடைய நகைகளையும் பறிமுதல் செய்தார்கள்.

1849 மார்ச் இறுதியில் பஞ்சாப் கம்பெனி ஆட்சியோடு இணைக்கப்பட்டது. ஏப்ரலில் ஜிந்த் கௌர், காசியிலிருந்து கொண்டுவந்து அடைத்துவைத்திருந்த இந்தச் சுனார் கோட்டையை விட்டு வேலைக்காரி வேடத்தில் நழுவி, நேபாளம் போய்ச் சேர்ந்தார். நேபாளப் பிரதமர் ஜங் பகதூர் அடைக்கலம் கொடுத்தார். ஆனால் காத்மாண்டுவிலும் ரெசிடெண்ட் எனப்பட்ட ஆங்கிலேயப் பிரதிநிதியின் கண் அவர் மேலேயே இருந்தது.

1861இல் கல்கத்தா விடுதியொன்றில் மகனைச் சந்தித்தபோது அவருக்குப் பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்தது. பிறகு மகனோடு இங்கிலாந்து சென்றார். அங்கே ஜார்ஜ் ரிச்மண்ட் வரைந்த ஓவியத்தில் மரகதமும் முத்துமாக அமர்ந்திருக்கிறார்; எனக்கு மிகவும் பிடித்த படம் அது. 1863இல் லண்டனின் கென்சிங்டனில் இறந்தார். பஞ்சாபில் தகனம் செய்ய அனுமதி கிடைக்காததால், மறு ஆண்டு நாசிக்கில், கோதாவரிக் கரையில் சிதை மூட்டினார்கள்.

அடுத்த பயணம் நாசிக்குக்குத்தான். வழிகாட்டி வைப்பதாக இல்லை.