கைதட்டு வாங்குற பாட்டு வேற, பிள்ளைகளுக்குப் பிடிச்ச பாட்டு வேற! பள்ளிக்கூட பேண்டு பற்றி யாரும் சொல்லாத விஷயம்

[திரையில்: சுதந்திர தின அணிவகுப்பு, பள்ளிக்கூட பேண்டு வளைஞ்சு திரும்புது]

வணக்கம் மக்களே! ஆகஸ்ட் 15 காலையில நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்துல நிக்கிறீங்கன்னு வையுங்க. பள்ளிக்கூட பேண்டு உள்ள வருது. "சாரே ஜஹான் சே அச்சா" ஆரம்பிச்சதும் கேலரியே கைதட்டுது. நமக்கு அதுதான் பிடிச்ச பாட்டு. ஆனா வாசிக்கிற பிள்ளைகள்ல பாதிப் பேருக்கு அது பிடிச்ச பாட்டா இருக்காது. ஏன்னு தெரிஞ்சா அடுத்த தடவை பேண்டைப் பாக்குற பார்வையே மாறிடும். கடைசி வரைக்கும் பாருங்க.

பின்னணியைச் சுருக்கமா முடிச்சிடுவோம். இங்கிலீஷ்காரன் பட்டாளத்தோட வந்தது பேண்டு. அங்கேருந்து அரண்மனைக்கும் சர்ச்சுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போச்சு. நம்ம மாவட்டத்துல கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா தேர்பவனியில இருந்து ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டே வரைக்கும் பேண்டு இல்லாம எதுவும் நடக்காது. பின்னணி அவ்வளவுதான்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். ஒரு மார்ச் பாட்டுல ராகம் யார் கையில இருக்கு? டிரம்பெட், கிளாரினெட். நீங்க வீட்டுக்குப் போகும்போது முணுமுணுக்கிறது அவங்க வாசிச்சதைத்தான். பின்வரிசையில டியூபா, அதாவது அடிசுரம் ஊதுற பெரிய பித்தளை வாத்தியம், தூக்கிட்டு நடக்கிற பிள்ளை என்ன வாசிக்குது? ச... ப... ச... ப... இடது காலுக்கு ஒண்ணு, வலது காலுக்கு ஒண்ணு. டியூபா இல்லாத பள்ளிக்கூடத்துல அந்த வேலை அதோட தம்பி மாதிரி இருக்கிற யூபோனியம் தலையில விழும். மூணு நிமிஷப் பாட்டு முழுக்க அந்த ரெண்டு சுரம்தான் கூடுதலும். அந்தப் பிள்ளை நிறுத்திட்டா பாட்டோட அடித்தளமே போயிடும். ஆனாலும் "உனக்குப் பிடிச்ச பாட்டு எது?"ன்னு கேட்டா, ச-ப-ச-ப வாசிக்கிற பாட்டை அது எப்படிச் சொல்லும்? தன் வாத்தியத்துக்கு எங்க இடம் கிடைக்குதோ, அந்தப் பாட்டைத்தான் சொல்லும்.

டிரம்பெட் பிள்ளைகள்ட்ட கேளுங்க, நிறைய பேர் "கர்னல் போகி" மார்ச்சைச் சொல்வாங்க. 1914ல வந்தது. எழுதினவர் ரிக்கெட்ஸ்ங்கிற பிரிட்டிஷ் ராணுவ பேண்டு மாஸ்டர், கென்னத் ஆல்ஃபோர்டுங்கிற புனைபெயர்ல வெளியிட்டார். கோல்ஃப் ஆடின ஒரு ஆளு, பந்து வருது ஒதுங்குங்கன்னு கத்துறதுக்குப் பதிலா ரெண்டு சுரம் விசில் அடிப்பாராம். அந்த ரெண்டு சுரத்துல இருந்துதான் பாட்டே தொடங்குதுன்னு சொல்வாங்க. 1957ல வந்த "தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்" படத்துல கைதிகள் விசில் அடிச்சுட்டே நடப்பாங்களே, அதே பாட்டுதான். அந்தப் படத்தை எடுத்தது நமக்குப் பக்கத்துல, இலங்கையில!

[திரையில்: சைடு டிரம் குச்சிகள், ரொம்ப நெருக்கத்துல]

சரி, சைடு டிரம் பிள்ளைக்கு எது பிடிக்கும்? எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், அதனால இங்க கொஞ்சம் நேரம் எடுத்துக்கிறேன்.

தேசிய கீதம் 52 விநாடின்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். அதை பேண்டு வாசிச்சா எப்படித் தொடங்கணும்னு உள்துறை அமைச்சகத்தோட விதியே இருக்கு. முதல்ல டிரம் உருட்டணும். மெதுநடையில ஏழு அடி எடுத்து வைக்கிற நேரம். சத்தம் மெல்ல ஆரம்பிச்சு, முடிஞ்ச அளவு உச்சிக்கு ஏறி, திரும்ப மெல்ல இறங்கணும். ஆனா ஏழாவது தட்டு வரைக்கும் காதுல விழுந்துட்டே இருக்கணும். அப்புறம் ஒரு தட்டு நேரம் முழு அமைதி. அதுக்குப் பிறகுதான் "ஜன கண மன".

முட்டம் கடற்கரையில அலை தூரத்துல எழும்பி, பாறையில மோதி, திரும்ப வழிஞ்சு போகுமே, அந்த மாதிரி ஏறி இறங்கணும். கேக்க சுலபமா இருக்கும். ஆனா கை முழு வேகத்துல ஓடிட்டே இருக்கணும், சத்தம் மட்டும் குறையணும். வேகத்தைக் குறைக்காம சத்தத்தைக் குறைக்கிறதுதான் சைடு டிரம்ல கஷ்டமான வேலை. குச்சி தோலுக்கு மேல எவ்வளவு உயரம் எழும்புதுங்கிறதுல இருக்கு சூட்சுமம். இறங்கும்போது விரல்நுனியிலதான் பிடி நிக்கும்.

அந்த நேரத்துல கொடிமரத்துக்குக் கீழ கலெக்டர் நிக்கிறாங்க, போலீஸ் அணி நிக்கிது, மொத்த மைதானமும் அசையாம நிக்கிது. சத்தம் வர்றது அந்தப் பிள்ளைகளோட குச்சியில இருந்து மட்டும். மத்த எல்லாப் பாட்டுலயும் டிரம் துணைக்கு நிக்கும். இங்க ஏழு அடி நேரம் ஊரே அதுக்காகக் காத்திருக்கு. சைடு டிரம் பிள்ளை "ஜன கண மன"தான் பிடிச்ச பாட்டுன்னு சொன்னா, நமக்காகச் சொல்லுதுன்னு நினைக்காதீங்க மக்களே, உண்மையிலயே சொல்லுது.

இதே தேசிய கீதத்தை ஒரு வாத்தியத்தால வாசிக்கவே முடியாது தெரியுமா? பியூகிள்! என்.சி.சி. பிள்ளைகள் கையில பாத்திருப்பீங்க. சுருட்டி வெச்ச பித்தளைக் குழாய், ஒரு பட்டன் கூட கிடையாது. உதட்டை இறுக்க இறுக்க அடுத்த சுரத்துக்குத் தாவும். தாவுற இடங்கள் ச, ப, மேல ச, க, ப. நடுவுல ரி கிடையாது, ம கிடையாது. "ஜன கண" தொடங்குறதே ச-ரி-க. ரெண்டாவது சுரத்துலயே மாட்டிக்கும்! அதனாலதான் பியூகிள் அழைப்பு எல்லாம் அந்த நாலஞ்சு சுரத்துக்குள்ளேயே இருக்கு. டிரம்பெட்டுல மூணு வால்வு வெச்சு அந்த இடைவெளியை அடைச்சாங்க. நடு வால்வு அரைச் சுரம் இறக்கும், முதல் வால்வு முழுச் சுரம், மூணாவது ஒன்றரை.

பிக்கலோங்கிற குட்டிப் புல்லாங்குழல் வாசிக்கிற பிள்ளைக்குப் பிடிச்சது, அமெரிக்க இசையமைப்பாளர் சூசாவோட "ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ் ஃபாரெவர்", 1896. பாட்டைக் கேட்டுப் பாருங்க, ஏன்னு புரிஞ்சிடும்.

[திரையில்: யூபோனியம், டியூபா]

இப்போ பின்வரிசை. அந்த ச-ப-ச-ப பிள்ளை.

குஸ்தவ் ஹோல்ஸ்டுன்னு ஒரு இங்கிலீஷ் இசையமைப்பாளர். இளவயசுல டிராம்போன் வாசிச்சுப் பிழைச்சவர், அதாவது பின்வரிசையோட மனசு தெரிஞ்ச ஆளு. 1909ல பேண்டுக்குன்னே ஒரு தொகுப்பு எழுதினார், "ஃபர்ஸ்ட் சூட் இன் ஈ ஃப்ளாட்". தொடக்கத்துல டிரம்பெட் வாய் திறக்காது, கிளாரினெட் வாய் திறக்காது. எட்டு பார், அதாவது எட்டு தாளச் சுற்று முழுக்க டியூபாவும் யூபோனியமும்தான் ராகத்தைச் சொல்லும். பிறகு முன்வரிசை அதை வாங்கி வாசிக்கும்! உலகம் முழுக்க அடிசுரம் வாசிக்கிறவங்க இதை ஏன் கொண்டாடுறாங்கன்னு சொல்லணுமா?

"அது பெரிய பேண்டுக்கு, எங்க ஸ்கூல்ல பதினஞ்சு பிள்ளைதான்"ங்கிற மாஸ்டருக்கு நம்ம ஊர்லயே விடை இருக்கு. சர்ச்சுல பாடுற பாமாலைப் பாட்டு! "என்னோடிரும் மா நேச கர்த்தரே" தெரியாத சி.எஸ்.ஐ. சபை நம்ம மாவட்டத்துல உண்டா? "அபைடு வித் மீ"யோட தமிழ்தான் அது. பாட்டு ஹென்றி லைட் எழுதினது, 1847. ராகம் வில்லியம் மங்க் போட்டது, 1861. காந்திக்குப் பிடிச்ச பாட்டு. டெல்லியில குடியரசு தின விழாவை முடிச்சு வைக்கிற பீட்டிங் ரிட்ரீட் பேண்டு நிகழ்ச்சியில பல வருஷம் வாசிச்சாங்க, 2022ல எடுத்துட்டாங்க. அதை எடுத்திருக்க வேண்டாம்ங்கிறது என் கருத்து.

மார்ச்சுல ஒருத்தர் ராகம் வாசிப்பாங்க, மத்தவங்க கால்தாளம் போடுவாங்க. பாமாலைப் பாட்டு நாலு குரலுக்கு எழுதினது. சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ்னு மேல இருந்து கீழ வரைக்கும். நாலுக்கும் தனித்தனி நடை. பின்வரிசைக்கு வர்ற பேஸ் குரலைத் தனியா வாசிச்சாலே அது ஒரு பாட்டு மாதிரி நகரும். சுரங்கள் நீளமானவை, அதனால பக்கத்துல நிக்கிறவனோட சுருதியில சேந்திருக்கோமான்னு கேக்க நேரம் இருக்கு. பெரிய பெரிய பேண்டுகளே ஒத்திகையை இந்த மாதிரிப் பாட்டுலதான் தொடங்கும். நம்ம பிள்ளைகளுக்கு ஞாயித்துக்கிழமை கேட்டுக் கேட்டு ராகம் ஏற்கெனவே காதுல இருக்கு. இதை விட வசதி வேற எந்த மாவட்டத்துக்குக் கிடைக்கும்?

கர்நாடக சங்கீதம் வேணும்னா அதுக்கும் பாட்டு இருக்கு. முத்துசுவாமி தீட்சிதர் மெட்ராஸ் பக்கம் கம்பெனி பேண்டு வாசிச்ச மெட்டுகளைக் கேட்டு, அதுக்கு சம்ஸ்கிருதத்துல சாகித்யம் எழுதினார். நோட்டுஸ்வரம்னு பேரு, ஏறக்குறைய 40 இருக்கு, எல்லாம் சங்கராபரணம். அதுல "சந்ததம் பாஹிமாம்" எந்த மெட்டுன்னு நினைக்கிறீங்க? "காட் சேவ் தி கிங்"! இங்கிலாந்து ராஜாவுக்கான மெட்டுல அம்பாளைப் பாடியிருக்கார். இதுல சுரத்தை அசைச்சுக் குழைக்கிற கமகம் கிடையாது, வால்வு வாத்தியத்துல அப்படியே உக்காரும். சினிமாப் பாட்டோட குழைவை டிரம்பெட்டுல கொண்டுவர முடியாம பிள்ளைகள் திணறுறதைப் பாக்கும்போதெல்லாம், இதை ஏன் யாரும் எடுத்துக் குடுக்கலன்னு எனக்குத் தோணும்.

பேண்டு மாஸ்டர்கள் யாராவது பாத்துட்டு இருந்தா ஒரு வேண்டுகோள் சார். ஜனவரி 26க்குப் பாட்டு தேர்ந்தெடுக்கும்போது, யூபோனியமோ டியூபாவோ ராகம் வாசிக்கிற மாதிரி ஒரே ஒரு பாட்டு சேருங்க. எட்டு பார் போதும்.

பேண்டுல இருந்தவங்க, இப்போ இருக்கிறவங்க எல்லாரும் கமெண்ட்ல ரெண்டே விஷயம் எழுதுங்க: எந்த வாத்தியம், எந்தப் பாட்டு. பின்வரிசை ஆளுங்க முதல்ல எழுதுங்க மக்களே, அதைத்தான் பின் பண்ணி வைக்கப் போறேன்.