8 வாட் போதுமா? பழைய வால்வு ஆம்ப்பும் உணர்திறன் மிக்க ஸ்பீக்கரும்

[திரை இருட்டு. நான்கு வால்வுகளின் ஹீட்டர்கள் மெல்லச் சிவக்கின்றன. 'ம்ம்ம்' என்று அடங்கிய ஓர் ஓசை.]

இந்த ஓசை கேட்கிறதா? ஹெட்ஃபோன் போட்டிருந்தால் நன்றாகவே கேட்கும். பாட்டு எதுவும் ஓடவில்லை. ஆம்ப்பில் எந்தக் கருவியையும் செருகவில்லை. வால்யூம் குமிழ் பூஜ்யத்தில் இருக்கிறது. ஆனாலும் ஸ்பீக்கர் முனகுகிறது.

இது நான் 4 மாதம் உட்கார்ந்து சரிசெய்த பழைய வால்வு ஆம்ப், அதாவது டிரான்சிஸ்டருக்குப் பதில் சூடாகிச் சிவக்கும் கண்ணாடி வால்வுகளால் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர். மேசையில் ஒரு சின்ன ஸ்பீக்கரோடு சேர்த்து 2 வாரம் ஓட்டிப் பார்த்தேன். துளி இரைச்சல் இல்லை. வேலை முடிந்தது என்றே நம்பினேன். அப்புறம் இதை, ஊதுகுழல் போல வாய் விரியும் ஹார்ன் ஸ்பீக்கரில் இணைத்த அன்றிரவு பதிவு செய்ததுதான் நீங்கள் இப்போது கேட்ட முனகல். அதே ஆம்ப், அதே வயர். மாறியது ஸ்பீக்கர் மட்டும்.

வால்வு ஆம்ப்புக்கு ஸ்பீக்கர் பொருத்தம் பார்க்கும்போது எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்பதைத்தான். அதற்குப் பதில் சுலபம், இன்னும் இரண்டே நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன். உண்மையில் வேலை வாங்கும் கேள்வி வேறு: அந்த ஆம்ப் சும்மா இருக்கும்போது எவ்வளவு அமைதியாக இருக்கிறது?

[பலகையில் கணக்கு.]

ஸ்பீக்கரின் விவரக் குறிப்பில் '88 டெசிபல், 1 வாட், 1 மீட்டர்' என்பது போல ஒரு வரி இருக்கும். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் இவ்வளவு சத்தம் வரும் என்று அர்த்தம். இதுதான் சென்சிட்டிவிட்டி, தமிழில் உணர்திறன். டெசிபல் கணக்கில் இரண்டை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 3 டெசிபல் கூட வேண்டுமானால் இரண்டு மடங்கு வாட் தேவை. 10 டெசிபல் கூட வேண்டுமானால் பத்து மடங்கு.

சரி, 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்து சராசரியாக 80 டெசிபலில் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தாராளமான சத்தம்தான். அந்தத் தொலைவுக்குள் ஏறத்தாழ 10 டெசிபல் குறைந்துவிடும், ஆகவே ஸ்பீக்கருக்கு 1 மீட்டர் முன்னால் 90 டெசிபல் வேண்டும். அறைச் சுவர்களும் இரண்டாவது ஸ்பீக்கரும் கொஞ்சம் கைகொடுக்கும், இப்போதைக்கு அதை விட்டுவிடுவோம். 86 டெசிபல் ஸ்பீக்கருக்கு இதற்கு 2.5 வாட் போகும். 104 டெசிபல் ஹார்ன் ஸ்பீக்கருக்கு? 0.04 வாட். அதாவது வெறும் 40 மில்லிவாட்.

இசை ஒரே அளவில் ஓடுவதில்லை. டிரம்மில் ஓங்கி ஓர் அடி விழுந்தால் சராசரியை விட 15 டெசிபல் மேலே எகிறும். அந்த நொடியில் முதல் ஸ்பீக்கர் கேட்பது ஏறத்தாழ 80 வாட். இரண்டாவது ஒன்றேகால் வாட்டோடு நிறுத்திக்கொள்ளும்.

இப்போது வால்வுகளைப் பாருங்கள். ஒற்றை 2ஏ3 வால்வு தருவது சுமார் 3.5 வாட். ஒற்றை 300பி தருவது சுமார் 8 வாட். 1953இல் வந்த குவாட் 2 ஆம்ப், இரண்டு கே.டி. 66 வால்வுகளை வைத்துக்கொண்டு 15 வாட். 1959இல் வந்த டைனாகோ ஸ்டீரியோ 70, இடம், வலம் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 35 வாட். 104 டெசிபல் ஸ்பீக்கருக்கு இவற்றில் எதுவுமே போதும். 86 டெசிபல் ஸ்பீக்கரைச் சத்தமாக ஓட்ட இவற்றில் எதுவும் போதாது. வாட் கேள்வி இத்தோடு முடிந்தது.

[பழைய திரையரங்கு ஸ்பீக்கரின் வரைபடம்.]

அந்தக் காலத்தில் இவ்வளவு குறைந்த வாட்டில் எப்படிச் சமாளித்தார்கள் என்று தோன்றலாம். சமாளிக்கவில்லை, ஸ்பீக்கரையே அதற்கேற்றபடி செய்தார்கள். வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் 1930களில் திரையரங்குகளுக்காகச் செய்த 91ஏ ஆம்ப் தந்தது ஏறத்தாழ 8 வாட்தான். மின்சக்தியைப் பெரிதாக்குவது செலவு பிடித்த வேலை, அதனால் கிடைத்த ஒவ்வொரு வாட்டையும் ஒலியாக்கியே தீர வேண்டும் என்று பாடுபட்டார்கள். ஹார்ன் செய்வது அதைத்தான். ஸ்பீக்கரில் அதிரும் கூம்பைக் கோன் என்பார்கள். வெறும் கோன், காற்றைத் தள்ளும்போது காற்று பிடிகொடுக்காமல் விலகிப்போகிறது. குறுகலில் தொடங்கிப் படிப்படியாக விரியும் ஹார்ன் அந்தக் காற்றை இறுக்கிப் பிடித்துக் கொடுக்கிறது. சாதாரண ஸ்பீக்கர் வாங்கும் மின்சக்தியில் ஒலியாவது 100இல் 1 பங்கு, பலவற்றில் அதுகூட இல்லை. நல்ல ஹார்னில் 10 பங்குக்கும் மேல் ஒலியாகும். அமெரிக்காவின் ஆர்கன்சாவில் பால் கிளிப்ஷ் 1940களில் செய்த கிளிப்ஷார்ன், அறையின் மூலைச் சுவர்களையே ஹார்னின் நீட்சியாக்கிக்கொண்டது. எனக்கு இன்றும் வியப்பூட்டும் வடிவமைப்பு அது.

அப்புறம் 1954இல் எட்கர் வில்ச்சரின் ஏ.ஆர். 1 வந்தது. காற்றுப் புகாத சின்னப் பெட்டிக்குள்ளிருந்து ஆழமான பேஸ். அதற்குக் கொடுத்த விலை உணர்திறன். இந்தப் பண்டமாற்றை ஹாஃப்மன் விதி என்பார்கள். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், அதிக உணர்திறன், இந்த மூன்றில் இரண்டுதான் ஒரே ஸ்பீக்கரில் கிடைக்கும். டிரான்சிஸ்டர் வந்து வாட் மலிவானதும் உலகம் சின்னப் பெட்டியின் பக்கம் போய்விட்டது. அதனால் 'சின்ன ஸ்பீக்கர், 98 டெசிபல், 30 ஹெர்ட்ஸ் வரை பேஸ்' என்று யாராவது எழுதியிருந்தால் நம்பாதீர்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். பலர் 1 வாட்டுக்குப் பதில் 2.83 வோல்ட் கொடுத்து அளக்கிறார்கள். 8 ஓம் ஸ்பீக்கரில் அது சரியாக 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கரில் அதுவே 2 வாட். தாளில் 3 டெசிபல் இலவசமாக ஏறிவிடும்.

பழைய ஆம்ப் எல்லாமே ஹார்னுக்காகப் பிறந்தவை என்றும் நினைக்க வேண்டாம். குவாட் 2 ஆம்ப்போடு அதே நிறுவனத்தின் 1957ஆம் ஆண்டு எலக்ட்ரோஸ்டேடிக் ஸ்பீக்கரைச் சேர்த்துக் கேட்டவர்கள் ஏராளம். அது அப்படியொன்றும் உணர்திறன் மிக்க ஸ்பீக்கர் அல்ல. அளவான சத்தத்தில் அந்த ஜோடி இன்றும் பலருக்கு உயிர்.

[ஆம்ப்பின் பின்புறம். 4, 8, 16 என்று எழுதிய திருகுகள்.]

அடுத்தது ஓம், அதாவது மின்தடையின் அளவு. வால்வு, உயர் வோல்ட்டேஜில் குறைந்த மின்னோட்டம் தரும் பொருள். ஸ்பீக்கருக்கு வேண்டியது நேர்மாறு. நடுவில் நின்று மாற்றிக்கொடுப்பது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். சுற்றுகளின் விகிதம் 25க்கு 1 என்றால், 8 ஓம் ஸ்பீக்கர் வால்வின் கண்ணுக்கு 5000 ஓமாகத் தெரியும். பின்னால் உள்ள 4, 8, 16 திருகுகள் இந்த விகிதத்தை மாற்றத்தான். பழைய திரையரங்கு ஸ்பீக்கர்கள் பல 16 ஓம், அவற்றுக்கு அந்தத் திருகு.

ஆனால் '8 ஓம்' என்பது ஒரு பெயர்தான். ஒரே ஸ்பீக்கர் ஒரு சுருதியில் 6 ஓமாகவும் இன்னொன்றில் 40 ஓமாகவும் இருக்கும். ஃபீட்பேக் (வெளியே வரும் சிக்னலில் சிறிதை உள்ளே திருப்பி அனுப்பிப் பிழை திருத்தும் முறை) இல்லாத ஒற்றை வால்வு ஆம்ப்பின் உள்தடை 3 ஓம் என்று வையுங்கள். அந்த 40 ஓம் இடத்தில் ஒலி ஏறத்தாழ 3 டெசிபல் தூக்கலாகக் கேட்கும். உள்தடை அரை ஓமாக உள்ள ஆம்ப்பில் இந்த வித்தியாசம் வெறும் 0.6 டெசிபல். ஒரே ஸ்பீக்கர் ஓர் ஆம்ப்பில் கதகதப்பாகவும் இன்னொன்றில் வறட்சியாகவும் கேட்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வால்வின் மாயம் என்று சொல்லப்படுவதில் பாதி இந்தச் சின்ன வகுத்தல் கணக்கு என்பது என் கருத்து. வாங்கும் முன் ஸ்பீக்கரின் இம்பிடன்ஸ் கோட்டை, அதாவது சுருதிக்குச் சுருதி ஓம் எப்படி மாறுகிறது என்ற வரைபடத்தைத் தேடிப் பாருங்கள். மேடு பள்ளம் குறைவாக இருந்தால் எந்த வால்வு ஆம்ப்போடும் ஒத்துப்போகும்.

[ஆம்ப்பைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருக்கிறது. கேமரா நெருங்குகிறது.]

இப்போது அந்த முனகலுக்கு வருவோம். இதன் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். ரெசிஸ்டர் வழியாக அதை இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் நான் கை வைப்பேன். இதில் பழக்கமில்லாதவர்கள் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள், தயவுசெய்து.

பழைய ஆம்ப்பில் முதலில் சாவது, பவர் சப்ளையின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள். அடுத்து, ஒரு வால்விலிருந்து அடுத்ததற்கு இசையை மட்டும் கடத்தும் கப்ளிங் கெப்பாசிட்டர்கள். இவை கசிந்தால் அவுட்புட் வால்வில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்ட்டேஜ் ஏறி, அந்த மின்னோட்டத்தை வாங்கும் தகடான பிளேட் சிவந்து, கடைசியில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே கருகிப்போகும். வேறு எதை மாற்றினாலும் மாற்றலாம், அந்த டிரான்ஸ்ஃபார்மரைத்தான் திரும்பப் பெற முடியாது. ஆகவே இந்த இரண்டையும் கேள்வியே கேட்காமல் மாற்றிவிடுவேன். பயஸ் அளவும் (வால்வு சும்மா இருக்கும்போது ஓடும் மின்னோட்டம்) அப்படித்தான். டைனாகோ ஸ்டீரியோ 70இல் 15.6 ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே 1.56 வோல்ட் வர வேண்டும், அதாவது இரண்டு வால்வுக்கும் சேர்த்து 100 மில்லிஆம்பியர். இதையெல்லாம் இந்த ஆம்ப்பில் செய்து முடித்திருந்தேன்.

அன்றிரவு ஸ்பீக்கர் முனையில் மீட்டரை வைத்தபோது 5 மில்லிவோல்ட் ஏசி காட்டியது. அற்பம் என்றுதான் தோன்றும். கணக்குப் போட்டால் 104 டெசிபல் ஸ்பீக்கரில் அது 1 மீட்டரில் 49 டெசிபல். மேசையில் இருந்த 86 டெசிபல் ஸ்பீக்கரில் 31. அறையின் சாதாரண அரவத்திலேயே அமுங்கிவிடும். இரைச்சல் அந்த 2 வாரமும் இருந்திருக்கிறது, எனக்குத்தான் கேட்கவில்லை. ஹார்ன் ஸ்பீக்கருக்கு 1 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இறக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

முனகலில் இரண்டு சாதி உண்டு, காதாலேயே பிரிக்கலாம். மின்சாரத்தின் சுருதியில், 50 அல்லது 60 ஹெர்ட்ஸில், வழுவழுப்பாக வந்தால் ஹீட்டர் வயர்களையோ எர்த் சுற்றையோ பாருங்கள். ஹீட்டர் வயர்களை இறுக முறுக்கி, சேசிஸ் (ஆம்ப்பின் உலோகப் பெட்டி) மூலையை ஒட்டி ஓட்டியிருக்க வேண்டும். 300பி, 2ஏ3 போன்றவற்றில் சூடாகும் இழையே எலக்ட்ரான்களை உமிழும் கேத்தோடும் என்பதால் ஏசி கொடுத்தால் முனகல் இயல்பாகவே கூடும். அங்கே ஹம் பேலன்ஸ் குமிழைத் திருப்பிக் குறைக்கலாம். அதன் இரட்டிப்பில், 100 அல்லது 120 ஹெர்ட்ஸில், கொஞ்சம் கரகரவென்று வந்தால் பவர் சப்ளை பக்கம் போங்கள்.

என்னுடையது கரகரப்பு. ஆனால் ஃபில்டர் கெப்பாசிட்டர் புத்தம்புதியது. இரண்டு மாலை தேடினேன். கடைசியில் பார்த்தால், [கேமரா ஒரு கறுப்பு வயரில் நிற்கிறது] இதோ இந்த வயர். முதல் ஃபில்டர் கெப்பாசிட்டரின் நெகட்டிவ் முனையை, கைக்கு எட்டியது என்பதற்காக, உள்ளீட்டு வால்வின் எர்த் புள்ளியிலேயே பற்றவைத்திருந்தேன். கெப்பாசிட்டர் நிரம்பும் ஒவ்வொரு தடவையும் பெரிய மின்னோட்டம் அந்தப் புள்ளி வழியாகப் பாய்கிறது. உள்ளீட்டு வால்வு அதையும் இசை என்று எண்ணிப் பெருக்கிவிடுகிறது. அந்த வயரை எடுத்து நேராகப் பவர் டிரான்ஸ்ஃபார்மரின் நடு முனைக்குக் கொண்டுபோனேன். மீட்டர் 0.6 மில்லிவோல்ட்டுக்கு வந்தது.

[அதே ஸ்பீக்கர். கேமரா ஹார்னின் வாயருகே. ஓசை இல்லை.]

இன்னொரு தொல்லையும் இந்த ஜோடியில் வரும். இன்றைய டிஜிட்டல் பிளேயர்கள் பெரும்பாலும் 2 வோல்ட் தருகின்றன. பழைய ஆம்ப்புகள் பலவற்றுக்கு முழுச் சக்திக்கும் அதைவிடக் குறைவு போதும். ஸ்பீக்கரும் உணர்திறன் மிக்கது என்றால் வால்யூம் குமிழைத் தொட்டாலே கத்தும். பவர் ஆம்ப்பின் வாயிலில் சிக்னலைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் ஒன்றை வைத்து 10 அல்லது 15 டெசிபல் குறையுங்கள். முன்னால் இருக்கும் ப்ரீஆம்ப்பின் சீறலும் அதோடு குறையும்.

இணைக்கும் வரிசை முக்கியம். ஸ்பீக்கரை முதலில் மாட்டுங்கள், அப்புறம்தான் சுவிட்ச். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்ப்பில் பாட்டு ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்ட்டேஜ் தாறுமாறாக எகிறி உள்ளே பொறி பறக்கும். 8 ஓம் ஸ்பீக்கரை 8 திருகில் கேட்டுவிட்டு, ஒரு முறை 4 திருகிலும் மாட்டிப் பாருங்கள். சக்தி கொஞ்சம் குறையும், உங்களுக்கு அது உபரிதான். பேஸ் இறுக்கமாகக் கேட்க வாய்ப்புண்டு, என் அறையில் நான் 4இல்தான் வைத்திருக்கிறேன். திருகு மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஆம்ப்பை அணைத்து, வால்வுகளின் சிவப்பு முழுக்க மங்கும்வரை பொறுத்திருங்கள்.