99ஆம் பிரிவில் யார் பெயர் இல்லை?

அனைவருக்கும் வணக்கம். ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். ஜப்பானில் அரசமைப்புச் சட்டத்தை மதித்துக் காக்க வேண்டிய கடமை யாருக்கு? "குடிமக்கள் எல்லாருக்கும்" என்று முன்வரிசையில் ஐயா ஒருவர் சொல்கிறார். நம் ஊர்ப் பழக்கத்துக்கு அப்படித்தான் தோன்றும். நம் அரசமைப்பில் கடமைகளைச் சொல்லும் 51ஏ பிரிவு குடிமகனைத்தானே பிடிக்கிறது!

ஜப்பானியச் சட்டத்தின் 99ஆம் பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது. பேரரசர், அவருக்குப் பதிலாக இருந்து நடத்துபவர், அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், நீதிபதிகள், மற்ற அரசு ஊழியர்கள். அவ்வளவுதான். பொதுமக்கள் அதில் இல்லை. மறந்து விட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். கயிறு மக்கள் கையில், கட்டப்படுகிறவர்கள் ஆட்சியாளர்கள் என்பதுதான் அங்கே பெரும்பாலான சட்ட ஆசிரியர்கள் இதற்குச் சொல்லும் பொருள்.

இறையாண்மை மக்களுக்கே, அடிப்படை மனித உரிமைகள், அமைதி என்று மூன்று கொள்கைகளை ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். முதலாவது எவ்வளவு பெரிய தலைகீழ் மாற்றம் என்று தெரிய வேண்டுமானால், அதற்கு முன்பிருந்த 1889ஆம் ஆண்டின் மெய்ஜி அரசமைப்புச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அதில் பேரரசர் புனிதமானவர், யாரும் தொடக் கூடாதவர். ஆட்சியுரிமை முழுவதும் அவரிடம். உரிமைகளும் இருந்தன, ஆனால் 'சட்டத்தின் எல்லைக்குள்' என்ற வாலோடு. 1947 மே 3 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அதே பேரரசர் நாட்டின் அடையாளச் சின்னம். அந்த இடம்கூட மக்களின் விருப்பத்தால் கிடைத்தது என்று முதல் பிரிவே சொல்லிவிடுகிறது.

"அமெரிக்கர்கள் எழுதித் தலையில் கட்டியதுதானே?" என்று கேட்பீர்கள். பாதி உண்மை. 1946 பிப்ரவரியில் ஜப்பானிய அரசு தயாரித்த வரைவு பழைய சட்டத்துக்கு வெள்ளையடித்ததைப் போலத்தான் இருந்தது. போரில் தோற்ற ஜப்பானை அப்போது தன் பிடியில் வைத்திருந்த அமெரிக்கத் தளபதி மெக்கார்தரின் ஆட்கள் டோக்கியோவில் உட்கார்ந்து பத்து நாளுக்குள் வேறொன்றை எழுதி, 13ஆம் தேதி ஜப்பானிய அமைச்சர்களிடம் நீட்டினார்கள். அந்தக் குழுவில் பெயாட்டே சிரோட்டா என்ற 22 வயதுப் பெண் இருந்தார். டோக்கியோவில் வளர்ந்தவர், ஜப்பானிய வீடுகளில் பெண்களின் நிலை தெரிந்தவர். ஜீப்பில் நூலகம் நூலகமாகப் போய்ப் பல நாட்டுச் சட்டங்களை அள்ளிக்கொண்டு வந்தார். திருமணம் இருவரின் சம்மதத்தால் மட்டுமே நடக்கும், கணவன் மனைவி சமம் என்கிற 24ஆம் பிரிவுக்கு அவர் எழுதியதுதான் மூலம்.

மீதிப் பாதி? வரைவை ஜப்பானிய நாடாளுமன்றம் மாதக்கணக்கில் பிரித்து மேய்ந்தது. பெண்கள் முதன்முதலாக வாக்களித்து, 39 பெண்கள் உள்ளே போன சபை அது. 25ஆம் பிரிவின் முதல் வரியை அங்கேதான் சோஷலிஸ்ட் உறுப்பினர்கள் சேர்த்தார்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அமைதியைப் பற்றிச் சுருக்கமாக. போரைக் கைவிடுகிறோம், தரைப்படை, கடற்படை, விமானப்படை எதையும் வைத்துக்கொள்ள மாட்டோம் என்கிறது 9ஆம் பிரிவு. 1954 முதல் தற்காப்புப் படை இருக்கிறது. தற்காப்புக்குத் தேவையான குறைந்த அளவு பலம், பிரிவு சொல்லும் 'போர் வலிமை' ஆகாது என்பது அரசின் விளக்கம். எனக்கு அது ஒட்டுப்போட்ட சட்டையாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்தச் சட்டையைக் கழற்றவும் முடியவில்லை, மாற்றவும் முடியவில்லை. திருத்த வேண்டுமென்றால் இரண்டு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அப்புறம் மக்கள் வாக்கெடுப்பில் பெரும்பான்மையும் வேண்டும். இதுவரை ஒரு திருத்தம்கூட நடந்ததில்லை. நாம் நூறைத் தாண்டிவிட்டோம்.

நமக்கும் அந்த ஜப்பானியச் சட்டத்துக்கும் ஒரு உறவுண்டு. உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் நம் 21ஆம் பிரிவில் 'சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை' என்று வருகிறதல்லவா, அது ஜப்பானின் 31ஆம் பிரிவிலிருந்து எடுத்தது. அந்தச் சொற்களுக்கு என்ன பொருள் என்று 1950இல் நம் உச்ச நீதிமன்றத்தில் முதலில் மோதிய வழக்கின் பெயரே ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம்.

சரி, 25க்கு வருவோம். 'உடல்நலமும் பண்பாடும் உள்ள குறைந்தபட்ச வாழ்க்கையை வாழ எல்லா மக்களுக்கும் உரிமை உண்டு' என்பது அந்த வரி. இதை உரசிப் பார்த்தவர் ஒகயாமாவில் காசநோய் மருத்துவமனையில் படுத்திருந்த அசாஹி என்ற நோயாளி. மருத்துவம் இலவசம். கைச்செலவுக்கு அரசு மாதம் 600 யென் கொடுத்தது. அந்த 600ஐ எப்படிக் கணக்கிட்டார்கள் தெரியுமா? உள்சட்டை இரண்டு வருடத்துக்கு ஒன்று, ஜட்டி வருடத்துக்கு ஒன்று.

1956இல் எங்கோ இருந்த அண்ணனைத் தேடிப்பிடித்து, மாதம் 1,500 யென் அனுப்பச் சொன்னது நலத்துறை அலுவலகம். பணம் வந்தது. உடனே அரசு தன் 600ஐ நிறுத்தியது. அண்ணன் பணத்தில் 600ஐ மட்டும் கையில் விட்டு, மீதி 900ஐ மருத்துவச் செலவுக்கு என்று எடுத்துக்கொண்டது. அண்ணனுக்குச் செலவு, தம்பிக்கு அதே ஒற்றை ஜட்டி.

1957இல் அசாஹி சுகாதார நல அமைச்சர் மேல் வழக்குப் போட்டார். 1960இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. குறைந்தபட்ச வாழ்க்கை எது என்பதை பட்ஜெட் தீர்மானிக்கக் கூடாது, அதுதான் பட்ஜெட்டுக்கு வழிகாட்ட வேண்டும் என்றது. நான் இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 1963இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பைத் திருப்பிவிட்டது: தொகை மிகக் குறைவுதான், ஆனால் சட்டவிரோதம் என்று சொல்ல முடியாதாம்.

உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருக்கும்போதே, 1964 பிப்ரவரியில் அவர் இறந்துபோனார். தத்தெடுத்த மகனும் மருமகளும் வழக்கைத் தொடர்ந்தார்கள். 1967இல் தீர்ப்பு வந்தது. உதவி பெறும் உரிமை அந்த ஆளோடு போய்விடும், வாரிசுக்கு வராது, ஆகவே அவர் இறந்த அன்றே வழக்கும் முடிந்துவிட்டது என்றார்கள்.

அதோடு நிறுத்தவில்லை. 'எதற்கும் இருக்கட்டும்' என்ற தோரணையில் தங்கள் கருத்தையும் சேர்த்து எழுதினார்கள்: 25ஆம் பிரிவு அரசுக்கு ஒரு பொறுப்பைச் சொல்கிறதே தவிர, தனி ஒருவருக்கு நேரடியாக உரிமை எதையும் கொடுத்துவிடவில்லை, எது குறைந்தபட்சம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டியவர் அமைச்சர்.

ஆனால் 1960இன் தீர்ப்புக்குப் பிறகு, மேல்முறையீட்டை ஒரு பக்கம் நடத்திக்கொண்டே, அரசு அந்த உதவித்தொகையை உயர்த்தியிருந்தது. தோற்ற வழக்கின் பெயரை இன்றும் ஜப்பானில் சட்டம் படிக்கிற மாணவர்கள் எழுதிவைத்துக்கொள்கிறார்கள்.