மார்ச் 27-ஆ, 28-ஆ?

ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "1964 அலாஸ்கா நிலநடுக்கம் மார்ச் 27 என்று சொன்னீர்கள். நிலநடுக்கப் பட்டியலில் மார்ச் 28 என்று இருக்கிறதே, எது தவறு?"

இந்தக் கேள்வியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். நானே ஒரு காலத்தில் என் குறிப்பேட்டில் இதை இரண்டு நிலநடுக்கங்களாக எழுதி வைத்திருந்தேன்! இரண்டும் 9.2 அளவு என்று பார்த்த பிறகாவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

இரண்டு தேதியும் சரிதான். முதலாவது உள்ளூர்த் தேதி, பட்டியலில் இருப்பது உலகப் பொது நேரப்படி (UTC). அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் அப்போது புனித வெள்ளி மாலை 5.36. அன்று அங்கே கடிகாரம் உலகப் பொது நேரத்துக்கு 10 மணி நேரம் பின்னால் ஓடியது. 17.36-உடன் பத்தைக் கூட்டுங்கள்: 27.36. நாளுக்கு 24 மணிதானே? மீதி 3.36, அதாவது மறுநாள் அதிகாலை. வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு நான் அடுத்து என்ன சொல்வேன் என்று தெரியும்: மணி நகர்ந்தால் தேதியையும் கையோடு அழைத்துச் செல்லுங்கள்.

'அன்று' என்று சொன்னேன், கவனித்தீர்களா? இப்போது அலாஸ்காவில் மார்ச் கடைசியில் கோடைக்கால நேரம். வித்தியாசம் 8 மணி நேரம்தான். பொது நேரம் 3.36-இலிருந்து அதைக் கழித்தால் மாலை 7.36 என்று வரும். சுத்தத் தவறு. இன்னொன்று பாருங்கள். 2004 டிசம்பர் 26, சுமத்ரா, பொது நேரம் 00.58. இந்தியாவில் காலை 6.28. இலங்கையில்? அதே 6.28 என்றுதான் பலரும் போடுவார்கள். ஆனால் இலங்கை அந்த ஆண்டுகளில் 6 மணி நேரம் முன்னால் இருந்தது. 2006-இல்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. ஆகவே அங்கே 6.58. இன்றைய வித்தியாசத்தைப் போடாதீர்கள், அன்றைய வித்தியாசத்தைப் போடுங்கள்.

உண்மையில் நீங்கள் என்னிடம் வேறொன்று கேட்டிருக்க வேண்டும்: பட்டியலில் உள்ள அந்த நேரம் யாருடைய நேரம்? அது பாறை பிளக்கத் தொடங்கிய கணம். உங்கள் வீட்டு ஜன்னல் அதிர்ந்த கணம் அல்ல. 800 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் முதல் அலை வந்துசேர ஒன்றே முக்கால் நிமிடம் ஆகும். ஆளை உலுக்கும் இரண்டாவது அலைக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம். அதனால், எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்ட பிறகும் உங்கள் கடிகாரம் மூன்று நிமிடம் தள்ளிக் காட்டினால், கடிகாரத்தைத் திருத்தப் போகாதீர்கள்.