சார்லட் செத்துப்போற அத்தியாயத்தைத் தாண்டிப் போகாதீங்க

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு புத்தகத்தைப் பத்தி மட்டும்தான் பேசப்போறேன். 'சார்லட்ஸ் வெப்'. ஈ.பி. வைட் எழுதினது, 1952ல வந்தது. படம் வரைஞ்சவர் கார்த் வில்லியம்ஸ். இதோ, இதான் எங்க வீட்டுப் புத்தகம். தலைமாட்டுலயே கிடந்து கிடந்து அட்டை மடங்கிப்போச்சு.

எனக்குத் தெரிஞ்ச நிறைய அம்மா அப்பா இதை வாங்கி வச்சுட்டு, "கடைசியில அந்தச் சிலந்தி செத்துடுமாமே, குழந்தை அழுமே"ன்னு தயங்கறாங்க. சில பேர் 21ஆவது அத்தியாயத்தை அப்படியே விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடறாங்க. தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. என் பொண்ணுக்கு 8 வயசு, மூணாங்கிளாஸ் படிக்கறா. அவ இந்தக் கதையை எப்படி எடுத்துக்கிட்டான்னு சொல்றேன், கேளுங்க.

கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். அமெரிக்காவுல ஒரு பண்ணை வீடு. பன்னி குட்டி போட்டிருக்கு, அதுல ஒண்ணு சவலை. அதை வெட்டிடலாம்னு அப்பா கோடாலியோட கிளம்பறார். 8 வயசுப் பொண்ணு ஃபெர்ன் ஓடிப்போய்த் தடுத்து, புட்டிப்பால் குடுத்து வளர்க்கறா. வில்பர்னு பேர் வைக்கறா. கொஞ்சம் வளர்ந்ததும் அவ மாமா 6 டாலருக்கு வாங்கித் தன் தொழுவத்துல விட்டுக்கறார். குளிர்காலம் வந்தா உன்னைக் கொன்னுடுவாங்கன்னு அங்க இருக்கற கிழட்டு ஆடு வில்பர்கிட்ட சொல்லிடுது. அப்போ வாசப்படிக்கு மேல வலை கட்டியிருக்கற சார்லட்ங்கற சிலந்தி, நான் உன்னைக் காப்பாத்தறேன்னு வாக்குக் குடுக்குது. எப்படின்னா, வலையிலயே எழுத்து நெய்யுது. இந்தப் பன்னியைப் பாராட்டி எழுதுது. ஊரே திரண்டு வந்து பார்க்குது.

கோடாலியில ஆரம்பிக்கற கதை இது. முதல் பக்கத்துலயே சாவு இருக்கு. அதை யாரும் விட்டுட்டுப் படிக்கறதில்லையே! கடைசி மட்டும் எதுக்கு வேண்டாம்?

வைட் இதை ஏன் எழுதினார்னு தெரிஞ்சா இன்னும் நல்லா புரியும். அவர் மெய்ன் மாநிலத்துல பண்ணை வச்சிருந்தவர். ஒரு பன்னி நோயில விழுந்து, ராத்திரி பகலா பக்கத்துல இருந்து பார்த்தும் பிழைக்கல. அதைப் பத்தி 1948ல ஒரு கட்டுரையே எழுதியிருக்கார். அப்புறம் தன் கொட்டகையில ஒரு சிலந்தி முட்டைப் பை கட்டறதைப் பார்த்தார். அந்தப் பையை ஒரு பெட்டியில போட்டு நியூயார்க் வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிட்டார். அங்க அலமாரி மேல குஞ்செல்லாம் பொரிஞ்சு வந்து நூல் கட்ட ஆரம்பிச்சிடுச்சு. இதை நான் சொன்னதும் என் பொண்ணு எங்க வீட்டு அலமாரியைத் திரும்பிப் பார்த்தா.

அந்த வகைச் சிலந்தி குளிர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி முட்டை வச்சுட்டுச் செத்துடும். குஞ்சுங்க வசந்தத்துலதான் வெளிய வரும். இயற்கை அப்படித்தான். வைட் அதை மாத்தி எழுதல. குழந்தைக்கு எழுதறோம்னு பொய் சொல்லல. அந்த நேர்மைக்காகவே இந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

நான் தினம் ராத்திரி ஒரு அத்தியாயம் இங்கிலீஷ்ல படிச்சு, கூடவே தமிழ்ல சொல்லுவேன். சார்லட் ஈயோட ரத்தத்தைக் குடிக்கும்னு தெரிஞ்சதும் வில்பர் அருவருத்துப் போகுது. நானும் பாப்பா முகத்தைத்தான் பார்த்தேன். "அவ சாப்பிட வேண்டாமா?"ன்னு கேட்டா, அவ்வளவுதான். டெம்பிள்டன்னு ஒரு எலி வரும், குப்பைமேட்டுல இருந்து பத்திரிகை விளம்பரத்தை எல்லாம் பொறுக்கிட்டு வரும், சார்லட் அதைப் பார்த்து எழுதறதுக்காக. ஒரு தடவை 'மொறுமொறு'ன்னு ஒரு துண்டைக் கொண்டாந்துடும். ஐயையோ, அதைப் படிச்சா எல்லாருக்கும் வறுத்த பன்னிக்கறி ஞாபகம்தான் வரும்னு சார்லட் வேண்டாம்னுடும். இதுக்கு அவ உருண்டு உருண்டு சிரிச்சா.

இப்போ அந்த 21ஆவது அத்தியாயம். வில்பரை ஊர்க் கண்காட்சிக்குக் கூட்டிட்டுப் போறாங்க, சார்லட்டும் கூடவே போகுது. அங்க வில்பருக்குப் பரிசு கிடைச்சாச்சு. இனி அதை யாரும் வெட்ட மாட்டாங்க. ஆனா சார்லட்டுக்கு நகரக்கூடத் தெம்பில்ல, வீட்டுக்குத் திரும்பி வர முடியாது. சார்லட்டோட 514 முட்டை இருக்கற பையை வில்பர் தன் வாயில, நாக்குக்கு மேல வச்சுப் பத்திரமா கொண்டுபோகுது. வாயில பை இருக்கறதால போயிட்டு வரேன்னு சொல்ல முடியல. அதனால கண்ணடிக்குது. சார்லட் முன்னங்காலைத் தூக்கி அசைக்குது. மறுநாள் அந்த வெறிச்சோடின மைதானத்துல சார்லட் செத்துப்போகுது, பக்கத்துல யாருமே இல்ல.

வைட் 1970ல இந்தப் புத்தகத்தைத் தன் குரல்லயே படிச்சுப் பதிவு பண்ணினார். இந்த இடத்துல குரல் உடைஞ்சு உடைஞ்சு 17 தடவை எடுக்க வேண்டியிருந்ததுன்னு அந்தப் பதிவைத் தயாரிச்சவர் சொல்லியிருக்கார். எழுதினவருக்கே அப்படின்னா நான் எம்மாத்திரம்? எனக்கும் தொண்டை அடைச்சுது. பாப்பா அழல. எழுந்து போய் ஒரு திராட்சையை எடுத்துட்டு வந்து நாக்குல வச்சுக்கிட்டா. கடிக்காம, விழுங்காம, அப்படியே என்னைப் பார்த்துக் கண்ணடிக்கப் பார்த்தா. ரெண்டு கண்ணும் சேர்ந்து மூடுது. திரும்பத் திரும்ப அதையே பண்ணினா. அந்தப் பன்னிக்கு அது எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு அவ உடம்பாலயே தெரிஞ்சுக்கிட்டா. நான் ஒரு கேள்வியும் கேட்கல, வாயைத் திறக்காம உட்கார்ந்திருந்தேன்.

அவ அழுதது அடுத்த அத்தியாயத்துல! குஞ்செல்லாம் பொரிஞ்சு, இளங்காத்துல ஆளுக்கொரு நூலை விட்டு பலூன் மாதிரி பறந்து போயிடுதுங்க. வில்பர் கதறுது. அப்போதான் இவளும் தேம்பித் தேம்பி அழுதா, "ஏன் எல்லாரும் போறாங்க?"ன்னு. மூணு குஞ்சு மட்டும் தங்கிடும், ஜாய், அரனியா, நெல்லி. அந்தப் பேரெல்லாம் கேட்டப்புறம்தான் மூக்கைத் துடைச்சா. யோசிச்சுப் பாருங்க, சாவை நான் மறைச்சிருந்தா இந்த மூணு பேர் தங்கினதுக்கு அவளுக்கு என்ன அர்த்தம் இருந்திருக்கும்?

மறுநாள் காலையில ஒரு படம் வரைஞ்சா. கேமராகிட்ட காட்டறேன், இருங்க. தொப்பையும் தொந்தியுமா இருக்கே, இது டெம்பிள்டன். கழுத்துல மெடல் தொங்குது பாருங்க. மெடலை வில்பருக்கு மட்டும் குடுத்துட்டாங்க, எலிக்கு யாரும் எதுவும் குடுக்கலன்னு அவளுக்கு ஒரே கோவம். சொல்லெல்லாம் தேடிக் கொண்டாந்தது எலி, மயங்கி விழுந்த வில்பரை வாலைக் கடிச்சு எழுப்பினது எலி, முட்டைப் பையை உயரத்துல ஏறி எடுத்துக் குடுத்ததும் எலி. நான் சொன்னேன், அது சும்மா செய்யலடா, இனிமே தொட்டியில எனக்குத்தான் முதல் சாப்பாடுன்னு பேரம் பேசிட்டுத்தானே ஏறுச்சு? கொஞ்ச நேரம் யோசிச்சா. "சரி, அது ஃப்ரெண்டு இல்ல. ஆனா மெடல் குடுக்கணும்"னுட்டா. உதவி வேற, நட்பு வேறன்னு அவளே பிரிச்சுட்டா. நான் சொல்லிக் குடுத்தது இல்ல இது.

படத்துல மேல மூலையில வலை ஒண்ணு இருக்கு, தெரியுதா? வலை வெறுமையா இருக்கேன்னு கேட்டேன். "சார்லட்தான் இல்லையே, யாரு எழுதுவா?"ன்னா.

அவளால ஒத்துக்கவே முடியாத ஆள் ஃபெர்ன்தான். கோடாலியைத் தடுத்தவ, தினம் தொழுவத்துல முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தவ. வில்பருக்குப் பரிசு குடுக்கற நேரத்துல, ஹென்றிங்கற பையனைத் தேடி ராட்டினத்துக்கு ஓடிட்டா. அப்புறம் தொழுவத்துப் பக்கம் வர்றதும் குறைஞ்சுபோச்சு. "காப்பாத்திட்டு விட்டுட்டுப் போகலாமா?"ன்னு பாப்பா கேக்கறா. அவ வளர்ந்துட்டாடா, வைட்டே அவளைத் திட்டலன்னு நான் சொல்றேன். எனக்கு ஃபெர்ன் மேல துளி வருத்தம் கிடையாது, நானும் அப்படித்தான் வளர்ந்தேன். என் பொண்ணு மசியல. சார்லட் செத்ததை மன்னிச்சுட்டா, அதால முடியல, அதனால போச்சு. ஃபெர்னால முடியும், ஆனா வரல. இதுதான் அவ வாதம், இன்னைக்கு வரைக்கும்.

அதனால உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். இதைப் படிச்ச பதினொண்ணு பன்னெண்டு வயசுப் பிள்ளைங்க வீட்டுல இருந்தா, ஃபெர்ன் செஞ்சது சரியான்னு கேட்டு, அவங்க சொல்றதை அப்படியே கீழ எழுதுங்க. பெரியவங்க பதில் வேண்டாம், அது என்கிட்டயே இருக்கு. வர்றதை எல்லாம் சனிக்கிழமை ராத்திரி பாப்பாவுக்குப் படிச்சுக் காட்டப்போறேன்.